புது சீட்டு

பக்கக் கண்ணாடியை நம் வண்டி தெரியாத அளவுக்கு வெளியே திருப்பினால்தான் பக்கத்தில் வருகிறவர்கள் தெரிவார்கள். முதலாளி தங்கப்பழம் விடமாட்டார். “உள்ள திருப்புலே. எவனாவது வண்டியில கோடு போட்டா தெரியணும்லா?” இன்று இடதுபக்கம் ஒடித்தபோது ஸ்கூட்டரில் வந்த பெண் எனக்குத் தெரியவில்லை. கதவில் மோதி விழுந்தாள். முதலாளி இறங்கி, அவளைத் தாண்டிப் போய், கதவில் இருந்த ரத்தத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு நகத்தால் தடவிப் பார்த்தார். “கீறல் இல்லலே. வண்டிய எடு.”

“அண்ணே, போயிராதீங்க” என்றாள் அவள்.

நான் இறங்கினேன். அவளைத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினேன்.

“ஏய், சீட்டு புதுசுலே! அடியில பேப்பரயாவது விரி” என்று கையிலிருந்த தினசரியை நீட்டினார். நான் கதவைச் சாத்தி வண்டியைக் கிளப்பினேன். அவர் இன்னும் ஏறவில்லை.