சிலுவை விழும் இடம்

“இன்னும் பதினாலு மணி நேரம். அப்புறம் நான்தான் கோவில் குழுத் தலைவர்,” என்றார் வஹ்பா. வியாழன் மாலை மணி ஏழு.

எகிப்தின் மின்யா நகரில் அவர்கள் கோவிலின் தெற்குச் சுவரில் புதிதாகப் பதித்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அவருடைய உபயம். நடுவில் பன்னிரண்டு முனைகளோடு சிவப்புச் சிலுவை. காலை வெயிலில் அதன் ஒளி யார் தலையில் விழுகிறதோ அவரைக் கடவுள் குறித்துவிட்டார் என்று ஊரே நம்பியது. நம்ப வைத்தவரும் வஹ்பாதான்.

எந்த நேரத்தில் எங்கே விழும் என்று கணக்குப் போட்டது அவர் மகள் தமியானா. இயற்பியல் பட்டதாரி. போன வெள்ளி ஒன்பது மணிக்கு ஆண்கள் பக்கம், ஆறாவது வரிசை, ஓர நாற்காலியில் இருந்த அவர் வழுக்கையில் சிலுவை கச்சிதமாக வந்து உட்கார்ந்தது. பாதிரியாரான அபூனாவே மெய்சிலிர்த்துப் போனார்.

“பன்னிரண்டு முனை, பன்னிரண்டு சீடர். நடுவுல உக்கார்றவன் யாருன்னு நான் வேற சொல்லணுமா?” என்று வஹ்பா கேட்டார்.

பெண்கள் சிலர் அவர் மனைவி இன்ஸாஃபின் பெயரையும் முன்மொழிந்திருந்தார்கள். கோவிலில் ஏழைகளுக்குச் சமைப்பதும் நோயாளிகளைப் போய்ப் பார்ப்பதும் அவள்தான்.

“தலைவின்னா கூட்டத்துல பேசணும்டி. பருப்பு கிண்டுற வேலை இல்ல.”

“பருப்பாவது கிண்டினா வேகும்,” என்றாள் இன்ஸாஃப்.

மறுநாள் பூசை முடிந்தது. அபூனா கைபேசியைப் பார்த்து, மணி ஒன்பது, வாக்கெடுப்பைத் தொடங்கலாம் என்றார். வஹ்பா தொப்பியைக் கழற்றித் தலையை வாகாகச் சாய்த்தார். வெயில் அங்கே வரவில்லை.

எல்லோரும் முன்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம், முதல் வரிசையில், இன்ஸாஃபின் வெள்ளை முக்காட்டின் மேல் பன்னிரண்டு முனைகளும் சிவப்பாகக் கிடந்தன.

கைகள் உயர்ந்தன. வஹ்பாவின் தம்பி கையும்கூட.

வெளியே வந்ததும் வஹ்பா மகளைப் பிடித்துக்கொண்டார். “ஒரு சிலுவையைக் கணக்குப் போட வக்கில்ல. உனக்கெல்லாம் பட்டம் ஒரு கேடா?”

“கணக்கு சரிதான்பா,” என்றாள் தமியானா, தரையைப் பார்த்தபடி. “கோடை நேரம் முடிஞ்சு நேத்து ராத்திரி நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால தள்ளி வெச்சாங்க. அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான் அம்மாவுக்கு அங்க நாற்காலி போட்டேன்.”