ராணி அன்றைக்கு அங்கே இல்லை

"எழும்பி நில்லு பிள்ளே. நீ ராணி. நான் ராஜாவுக்க வக்கீல்" என்றான் ஜிஜோ.

ரெஷ்மா சிரிக்க முயன்றாள், வரவில்லை. மடியில் இருந்த மொழிபெயர்ப்பு நாவலை மூடி வைத்தாள். ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் வாழ்ந்த ஆன் என்ற ராணியின் கதை. ஐந்து ஆண்களோடு தொடர்பு என்று குற்றம் சாட்டி, கட்டிய ராஜாவே அவள் தலையை வெட்ட வைத்தான்.

"உங்களுக்கு இதும் விளையாட்டாக்கும்?"

"விளையாட்டில்ல, ரிகர்சல். நாளைக்குக் கமிட்டியில நீ முழிச்சுட்டு நிக்கப்பிடாது."

நாளை ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடுகிறது. பாஸ்டருக்கு வந்த மொட்டைக் கடிதம்தான் விஷயம். 'ஜிஜோவின் மனைவி, தன்னோடு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்யும் ஜித்தினுடன் மூன்று நாள் பொழியூர்க் கடற்கரையில் திரிந்தாள்' என்று தேதி போட்டு எழுதியிருந்தது. கமிட்டி அதை நம்பினால் ரெஷ்மாவுக்குத் திருவிருந்தில் அப்பமும் ரசமும் கிடையாது. தள்ளிவைத்ததாகப் பெயரையும் சபையில் வாசிப்பார்கள். அப்படி வாசித்தால் அவள் இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மாமியார் ராஜபாய் சொல்லியாகிவிட்டது.

"சொல்லு, ராணி தப்பு செய்தாளா?"

"இல்ல."

"எங்கன தெரியும்? புஸ்தகத்தில அழகா எழுதியிருக்குண்ணு நம்பிட்டியா?"

"சாகுததுக்கு முந்தி திருவிருந்து எடுத்துட்டு சத்தியம் பண்ணினா. கள்ளம் சொல்லுதவ அங்கன பண்ணுவாளா?"

"சத்தியமெல்லாம் எடுபடாது மக்கா. ஆறு வருஷமா காலேஜில பிள்ளைகளுக்கு இந்தக் கேஸைப் பாடமா நடத்துதேன், கேளு. அவளைக் காப்பாத்தியிருக்க வேண்டியது தேதியாக்கும்."

"தேதியா?"

"இன்ன நாள், இன்ன அரமனையில தப்பு நடந்துதுண்ணு குற்றப்பத்திரிகையில எழுதினான். அதில முக்காவாசி நாளும் அவ அந்த ஊரிலயே இல்ல. ஒரு தேதியில அவ பிள்ளை பெத்து வேற அரமனையில கெடக்கா. எழுதினவன் சரியான மண்டன். ஒத்துக்கூட பாக்கல்ல."

"பின்ன எங்கன அவளுக்கத் தலை போச்சு?"

"எடுத்துச் சொல்ல அவளுக்கு ஆளில்ல. உனக்கு நான் உண்டுல்லா?"

பத்து நாளாக இந்த வீட்டில் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுகிறவன் இவன் ஒருவன்தான்.

ஜிஜோ கடிதத்தை ஃபோனில் படம் பிடித்து வைத்திருந்தான். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டான்.

"ஆறாம் தேதி, வியாழன். மகாராணி எங்க இருந்தீங்க?"

இந்த முறை அவளுக்குச் சிரிப்பு வந்தது. "காஞ்சிரங்குளத்தில ஆதார் கேம்ப். காலத்தயும் அந்திக்கும் ரெஜிஸ்டரில ஒப்பு போட்டேன்."

"பன்னிரண்டு, புதன்?"

"அம்மைக்குக் கண் ஆப்பரேஷன். கூட நிண்ணது நானாக்கும். சீட்டில எனக்க பேரு உண்டு."

"இருபத்தொண்ணு, வெள்ளி?"

"மறந்துட்டீங்களா? உங்க கூட நெய்யாற்றின்கரையில துணி எடுக்க வந்தேன். பில்லு கெடக்குது."

ஜிஜோ கட்டிலில் தட்டினான். "மூணும் பொளிஞ்சு போச்சு! இவனும் ஒரு மண்டன். ஆனா ஒண்ணு கேளு. ராணிக்கக் குற்றப்பத்திரிகையில கடைசியா ஒரு வரி சேத்திருந்தினும். 'வேறு பல நாட்களிலும்.' அதுக்கு என்ன பதில் சொல்லுவே?"

"அதுக்கு எங்கன பதில் சொல்லுதது?"

"யோசிச்சுச் சொல்லு. ஆருக்கும் சாட்சி காட்ட முடியாத நாளு எதாவது உண்டா? எனக்க கிட்ட மறைக்காத. நாளைக்கு நான் முழிக்கப்பிடாது."

அவள் யோசித்தாள்.

"ரெண்டு நாளு உண்டு. நாலாம் தேதியும் பதினேழாம் தேதியும். தலைவலிண்ணு லீவு சொல்லிட்டு பொழியூருக்குப் போனேன்."

"ஆரு கூட?"

"ஆருமில்ல. நானும் ஒரு நாவலும். இங்க உக்காந்து வாசிச்சா உங்கம்மை ஏசுவினும்லா? கடலுக்கக் கரையில அந்தி வரைக்கும் இருந்து வாசிச்சேன்."

"பைத்தியம்! வேற ஆருகிட்டயாவது சொன்னியா?"

"உங்க கிட்டதான், இப்பம்."

"நல்லது. வெளிய மூச்சு விடாத." அவன் அவள் தலையைத் தடவினான்.

"ஏன், அந்த ராஜாவுக்குப் பிடிக்கல்லேண்ணா சும்மா விட்டுட்டுப் போயிருக்கப்பிடாதா?" என்றாள் ரெஷ்மா.

"அங்கன விட முடியாது பிள்ளே. சபை சம்மதிக்காது. தப்பு அவ பேரில இருக்கணும்."

மறுநாள் ஆராதனை முடிந்தது. கோயிலை அடுத்த கமிட்டி அறையில் பாஸ்டரும் ஆறு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ரெஷ்மா ரெஜிஸ்டர் நகலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் துணிக்கடைப் பில்லையும் வரிசையாக மேசையில் வைத்தாள். பின்னால் ஜிஜோ நின்றான்.

செயலாளர் ஞானசிகாமணி எதையும் எடுத்துப் பார்க்கவில்லை.

"அதெல்லாம் உள்ள வை மக்கா. தேதி தப்பிப் போச்சுண்ணு எழுதின ஆளே திருத்தி வேற கடிதம் போட்டாச்சு. இண்ணைக்குக் காலத்த காணிக்கைப் பெட்டியில கெடந்துது."

அவர் தள்ளிய தாளில் இரண்டே தேதிகள். நான்கு. பதினேழு.

ரெஷ்மா மெல்லத் திரும்பினாள்.

"நீங்க எதாவது சொல்லணுமா ஜிஜோ?" என்று பாஸ்டர் கேட்டார்.

ஜிஜோ தரையைப் பார்த்தபடி, குரல் உடையச் சொன்னான்: "அந்த ரெண்டு நாளும் இவ எங்க போனாண்ணு எனக்குத் தெரியாது பாஸ்டர்."