முதுகு காட்டாமல்

கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது மரகதம் சாமிக்கு முதுகைக் காட்டமாட்டாள். ஊர்க் கோயிலில் பின்பக்கமாக நாலடி வைத்தால் வாசல் வந்துவிடும். சுற்றுலா வந்த இந்த இடத்தில் கூரையும் இல்லை, சுவரும் இல்லை. பாசி நிறம் ஏறிய வெண்கலப் புத்தர் குன்றின் மேல் வெட்டவெளியில் ஏழு மாடி உயரத்துக்கு உட்கார்ந்திருந்தார். பேருந்து நிற்பதோ அடிவாரத்தில்.

மூன்றாவது படியிலேயே கால் தடுமாறியது. கணவர் தண்டபாணி எட்டிக் கையைப் பிடித்தார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் மட்டுமே மரகதத்திடம் வாய் திறக்கிற மனிதர்.

"கீழ வரைக்கும் இப்படியேதான் வரப்போறியா?"

"அவர் மறையற வரைக்கும்ங்க."

"செரி. படி இருக்குது. இன்னொண்ணு. இப்ப சமதரை."

அவர் சொல்லச் சொல்ல அவள் கால் வைத்தாள். உள்ளங்கை வியர்த்தும் அவர் விடவில்லை. பாதை வளைந்தது. புத்தரின் மடி மறைந்தது, தோள் மறைந்தது, கடைசியில் தலையும் மரங்களுக்குள் போய்விட்டது.

"இன்னும் தெரியறாரா?" முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"தெரியறாருங்க."

தண்டபாணி நின்று திரும்பிப் பார்த்தார். மரங்கள்தான் இருந்தன. மரகதம் தலை குனிந்துகொண்டாள்.

"பாத்து வா," என்று பிடியை இறுக்கினார். "கீழ இன்னும் நெறயப் படி இருக்குது."

ஏறி வரும்போதே அவள் கவனித்திருந்தாள். இந்த வளைவுக்குக் கீழே பேருந்து வரைக்கும் வெறும் தார்ச்சாலைதான்.

அங்கே இல்லாத படி ஒன்றை மரகதம் காலால் துழாவினாள்.