கண்ணாடிக்கு அந்தப் பக்கம்

"ஆஸ்பத்திரிக்கு நான் தனியாவே போயிக்கறேன்" என்று மனைவி தினமும் சொன்னதன் காரணம், கூட வந்த முதல் நாளே கணவனுக்குப் புரிந்துவிட்டது.

வட்டக் கண்ணாடி ஜன்னலுக்கு அந்தப் பக்கம், எதிர் நாற்காலிக்காரர் அவளைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக இருந்தார். பதிலுக்கு இவளும்!

"என்கிட்ட சிரிச்சு மாசக்கணக்காச்சு," என்று நர்ஸிடம் பொருமினான். "யாரு சிஸ்டர் அந்த ஆளு?"

"சிரிப்பில்ல சார், கொட்டாவி! இந்த ஆக்சிஜன் அறையில அழுத்தம் ஏறினா காது அடைக்கும். கொட்டாவி விட்டாத் திறக்கும். ரேடியேஷன்ல தாடை இறுகிட்டதால அவங்களுக்குக் கொட்டாவி தானா வரல. அவர் விட்டா இவங்களுக்கும் தொத்திக்குது. இன்னிக்குத்தான் வாய் முழுசாத் திறந்திருக்கு."

மறுநாள் கணவன் முந்திக்கொண்டான். மூக்கு நசுங்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அந்த ஆள் வாயைத் திறப்பதற்குள் பெரிய கொட்டாவியாக விட்டான்.

மனைவி இந்தப் பக்கம் திரும்பினாள். அவளுக்கும் வந்தது.