பூண்டு வாசம் இல்லாத கை

தில்லைநாயகி ரஷ்யச் செடிப் பெயர்களையும் மருத்துவச் சொற்களையும் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்துப் பிழைப்பவள். அன்று காலை அவளை ஜெர்மன் ஆஸ்பத்திரி ஒன்று அவசரமாக அழைத்தது. ஸோயா என்ற வயதான ரஷ்யப் பெண் மயங்கிக் கிடந்தாள். நாடித்துடிப்பு இறங்கிக்கொண்டே போனது. காட்டில் கீரை பறித்து வந்து சமைத்துக் கொடுத்தவர் அவள் கணவர் யெஃபிம்.

“செரெம்ஷா,” என்றார் அவர். காட்டுப்பூண்டுக் கீரை. அதற்கான ஜெர்மன் சொல் தில்லைநாயகியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் செமெரிட்சா என்று ஒரு விஷச்செடி உண்டு. தளிராக இருக்கும்போது இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

“ஐயா, பறித்த கையை முகர்ந்து பாருங்கள். பூண்டு வாசம் வருகிறதா?”

யெஃபிம் இரண்டு கைகளையும் முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். “இல்லையேம்மா,” என்று அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அவள் விஷச்செடியின் பெயரை டாக்டரிடம் சொன்னாள்.

“நிச்சயமாகவா?”

“நிச்சயமில்லை. ஆனால் கையில் பூண்டு வாசம் இல்லை.”

டாக்டர் மருந்தை மாற்றினார்.

மதியம் ஸோயா கண் திறந்தாள். கணவரைப் பார்த்து ஏதோ முனகினாள். அவர் அழத் தொடங்கினார்.

“என்ன கேட்கிறார்?” என்றார் டாக்டர்.

“சாப்பிட்டாயா என்று.”

“ஐயோ, இவரும் அதைச் சாப்பிட்டாரா?”

“கீரையைப் பற்றிக் கேட்கவில்லை டாக்டர்,” என்றாள் தில்லைநாயகி. “காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாரோ என்று கேட்கிறார்.”