ஒரு ரூம்தான் இருக்கு

பிளம்பருக்கு அவசரமாக ஒரு சோக முகம் தேவைப்பட்டது. ஹோட்டல் வாசலில் நின்று இரண்டு முறை முயன்று பார்த்தார். வரவில்லை.

எப்படி வரும்? அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் எதிர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவர் வயிற்றில் பால் வார்த்திருந்தார். மனைவியின் கழுத்தில் இருந்தது வெறும் கொழுப்புக் கட்டியாம். ஆபரேஷன் வேண்டாம், பேசாமல் வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்த மனுஷனுக்கு இப்போது வாயெல்லாம் பல்.

பாக்கி இருந்தது ஒரே ஒரு கவலை. ஆபரேஷன் நிச்சயம் என்று நினைத்து, இந்த ஹோட்டலில் இன்று முதல் ஐந்து நாளைக்கு ரூம் போட்டு, போன வாரமே முழுப் பணத்தையும் கட்டியிருந்தார். வாடகை குறைவு, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்காது என்பது ஏற்பாடு. குறைவு என்பது மட்டும்தான் அன்றைக்கு அவர் கண்ணில் பட்டது.

அந்தப் பணம் சும்மா வந்ததல்ல. தன் டிரில்லிங் மெஷினை இன்னொரு பிளம்பரிடம் விற்று வந்தது. சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் பணத்தோடு வந்தால் மெஷினை எடுத்துக்கொண்டு போகலாம், அப்புறம் கேட்கக் கூடாது என்று வாங்கினவர் கறாராகச் சொல்லியிருந்தார். இன்று சனிக்கிழமை. மெஷின் இல்லாத பிளம்பரை எவன் வேலைக்குக் கூப்பிடுவான்?

மச்சான்தான் போனில் வழி சொல்லிக் கொடுத்தான். "நல்ல சேதியைச் சொன்னா ஒரு பைசா பேராது மாமா. அக்காவுக்கு ரொம்ப முடியலைன்னு போடுங்க."

ரிசப்ஷனில் கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி கம்ப்யூட்டரில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். பிளம்பர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், என் சம்சாரத்துக்கு ரொம்ப முடியல. டாக்டரே கையை விரிச்சிட்டாரு. ரூம் வேண்டாம், பணத்தை மட்டும் திருப்பிக் கொடுத்தீங்கன்னா..."

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். பிளம்பரின் புளுகு எட்டு நொடி தாங்கவில்லை. ஆஸ்பத்திரி லிஃப்ட்காரர், மருந்துக் கடைக்காரர், ஹோட்டல் வாட்ச்மேன் என்று வழியெல்லாம் நல்ல சேதியைச் சொல்லிக்கொண்டே வந்த மனைவி, பையும் கையுமாக உள்ளே நுழைந்தாள்.

"ஏங்க, இவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா? எனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா."

ரிசப்ஷன் பெண் அவளைப் பார்த்தாள். அப்புறம் இவரைப் பார்த்தாள். பிளம்பர் முகத்தில் அசடு வழிந்தது.

"பணம் திரும்பக் கிடைக்காதுன்னு ரசீதுலயே இருக்கு சார். அங்க போய் உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். விஷயம் தெரிந்ததும் மனைவி அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள். நல்லா இருக்கிறவளைப் படுக்கையில் தள்ளப் பார்த்தீர்களே என்று திட்டினாள். மெஷின் போனால் போகிறது, உயிர் இருந்தால் இன்னொன்று வாங்கலாம் என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் அவர் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

ஒரு மணி நேரம் போனது. ரிசப்ஷன் பெண் இவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. பொய் சொன்னதற்குத் தண்டனை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

அப்போது இரண்டு பெட்டிகளோடு ஒருவர் வந்தார். ஒரு வாரம் தங்க வேண்டும், மேல் மாடியில் காற்றோட்டமாக ஒரு ரூம் வேண்டும் என்று கேட்டார்.

"மேல எதுவும் காலியில்லை சார். ஒரு ரூம்தான் இருக்கு. இருநூத்தி நாலு."

பிளம்பர் சட்டைப் பையிலிருந்த ரசீதை எடுத்துப் பார்த்தார். இருநூற்று நாலு. அவர் பணம் கட்டிய அதே ரூம்.

வந்தவர் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறியதுதான் தாமதம், மனைவி இழுத்துப் பிடித்தும் நிற்காமல் பிளம்பர் கவுண்டருக்குப் பாய்ந்தார்.

"ஒரே ரூமுக்கு ரெண்டு வாடகையாம்மா? அதுவும் எங்க கண்ணு முன்னாடியே. நான் பொய் சொன்னேன்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் யார் காசையும் எடுக்கல."

அவள் மேஜை டிராயரைத் திறந்து நோட்டுகளை எண்ணி, ஒரு கவரில் போட்டு, ஒரு படிவத்தோடு அவர் முன்னால் நகர்த்தினாள்.

"கையெழுத்துப் போடுங்க சார். ரத்து பண்ணின ரூமை அன்னிக்கே வேற யாராவது எடுத்துக்கிட்டா மட்டும் பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்னு எங்க முதலாளி சொல்லியிருக்காரு. முன்னாடியே உங்ககிட்ட சொல்லி, யாரும் வராம போயிட்டா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமே. அதான் உட்காரச் சொன்னேன்."

 மனைவி வந்து அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"மன்னிச்சிடுங்கம்மா," என்றார் பிளம்பர் கையெழுத்தைப் போட்டுக்கொண்டே. "ஏதோ எங்க நல்ல நேரம். இன்னைக்குன்னு பார்த்து ஹோட்டல் நிரம்பியிருக்கு."

"ஆமா சார். இனிமே அக்காவுக்கு முடியலைன்னு மட்டும் சொல்லாதீங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வரல."

சொல்லிவிட்டுத் திரும்பி, பின்னால் பாதி திறந்து கிடந்த சாவி அலமாரியின் கதவை அவசரமாகச் சாத்தினாள்.

அதற்குள் பிளம்பர் பார்த்துவிட்டார். மூன்றாம் மாடி, நான்காம் மாடிச் சாவிகள் அத்தனையும் ஒன்றுகூடக் குறையாமல் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாம் மாடி வரிசையில் ஒரே ஒரு கொக்கிதான் காலியாக இருந்தது.