சூடாகாத கார்டு

“மாஸ்டர், இந்த கார்டு சூடாகவே மாட்டேங்குது. திருப்பி எடுத்துக்குங்க.”

கவுண்டரில் பெட்டியை வைத்தவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். பில்லில் வுகாஷின் என்று பெயர் இருந்தது. இணையத்தில் ஆர்டர் செய்து எங்கள் கடையில் வந்து வாங்கிப் போன கிராபிக்ஸ் கார்டு. அப்படி வாங்கினால் பதினான்கு நாளைக்குள் திருப்பித் தரலாம். அன்று பதின்மூன்றாம் நாள்.

என் முதலாளி நெபோய்ஷா ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார்.

“சூடாகுதுன்னு புகார் கேட்டிருக்கேன். விசிறி கத்துதுன்னு கேட்டிருக்கேன். சூடாகலைன்னு சொல்றதுக்கு இருபது வருஷத்துல நீதான் தம்பி முதல் ஆளு.”

“நிஜமா மாஸ்டர். பழைய கார்டு எண்பத்துநாலு டிகிரி போகும். இது ஒரு மணி நேரம் ஓட்டியும் அறுபத்திரெண்டைத் தாண்டல.”

“எந்த கேம்ல?”

“கேம் இல்ல. கார்டைச் சோதிக்கற புரோகிராம்ல, திரையில ஒரு வளையம் சுத்துமே, அது.”

“சரி, கேம்ல எப்படி இருக்கு?”

“நான் கேம் ஆடறதில்ல.”

நெபோய்ஷா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த கார்டு எங்கள் நீஷ் நகரத்துக்கு வந்ததே இரண்டு. விற்பதற்கு முன் அதை மேசையில் வைத்து அரை நாள் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். அவர் வீட்டில் இருப்பது எட்டு வருஷத்துக் கார்டு.

“முப்பத்திரெண்டு ஜிபி மெமரி. பெரிய திரையில, எல்லாத்தையும் உச்சத்துல வச்சாலும் நொடிக்கு நூத்திருபது ஃபிரேம் தரும். அதை வாங்கி வளையம் சுத்தவிட்டு வேடிக்கை பாக்கறியா?”

“பகல் பூரா ஓடணும் மாஸ்டர். ராத்திரியும்.”

“கிரிப்டோ காசு தோண்டறியா?”

“ஐயோ, இல்ல.”

“பின்னே?”

வுகாஷின் தயங்கினார். “அறை சூடாகணும். பழைய கார்டு போதல. இது பெரிசாச்சேன்னு வாங்கினேன்.”

நெபோய்ஷா சிரித்த சிரிப்பில் கண்ணாடி கழன்று மேசையில் விழுந்தது.

“கேட்டியாம்மா? நாலு லட்சம் தினாருக்குக் கணப்பு வாங்கியிருக்காராம்!”

நான் சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சலாக இருந்தது. இதில் பாதி வேகமுள்ள கார்டுக்காக என் வகுப்புத் தோழர்கள் ஒரு வருஷமாகச் சேமிக்கிறார்கள். இவருக்குக் குளிர்காய வேண்டுமாம்.

ஆனால் நெபோய்ஷா தொழில்காரர். தப்பைத் தப்பாகவே விட்டுவிட அவரால் முடியாது.

“ஒண்ணு புரிஞ்சுக்கோ. டிகிரியைப் பாக்காதே, வாட்டைப் பாரு. பழையது இருநூத்தம்பது வாட் இருக்கும். விசிறி சின்னது, சூட்டை வெளியே தள்ள முடியாம உள்ளேயே வச்சுக்கிட்டுத் தவிச்சிருக்கு. அதான் எண்பத்துநாலு. இது ஐநூத்தெழுபத்தஞ்சு வாட். வர்ற சூட்டையெல்லாம் அப்பப்ப வெளியே தள்ளிடுது. அதனால அது மட்டும் சொகுசா இருக்கு. தள்ளின சூடு எங்க போகுது? உன் அறைக்குத்தான்.”

வுகாஷின் நம்பவில்லை.

“வா உள்ளே.”

பின்னறையில் இருந்த சோதனைக் கணினியில் கார்டைப் பொருத்தினார். திரையில் வளையம் சுழன்றது. ஐம்பது, ஐம்பத்தெட்டு, அறுபத்திரெண்டு. அங்கேயே நின்றது.

“பாத்தீங்களா!” என்றார் வுகாஷின்.

“பேசாம உட்காரு. ஏம்மா, கதவைச் சாத்து. காத்து அடிச்சா கழுத்து பிடிச்சுக்கும்.”

அன்று அக்டோபர் பத்து. வீடு, கடைகளைச் சூடாக்கும் நகரத்து வெப்பக் குழாய்களைப் பதினைந்தாம் தேதிதான் திறப்பார்கள். அதுவரை நாங்கள் கோட்டோடுதான் வேலை பார்ப்போம். நான் மூன்று பேருக்கும் காபி போட்டேன். குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவும்போதுதான் கவனித்தேன், கழுத்துத் துணியை எப்போதோ கழற்றிப் போட்டிருந்தேன். நெபோய்ஷாவும் கோட்டைக் கழற்றியிருந்தார்.

வுகாஷின் எழுந்து போய் விசிறிகளுக்கு எதிரே கையை நீட்டினார். வெகுநேரம் எடுக்கவேயில்லை.

“அப்ப இதையே வச்சுக்கறேன் மாஸ்டர்.”

“தாராளமா வச்சுக்கோ. ஆனா கேக்காம இருக்க முடியல தம்பி. தெருமுனைக் கடையில ஐயாயிரம் தினாருக்கு ரெண்டாயிரம் வாட் ஹீட்டர் விக்கிறான். இதைவிட மூணு மடங்கு சூடு. காசு அவ்வளவு கொழுத்துப் போச்சா உனக்கு?”

நெபோய்ஷா கழற்றித் தந்த கார்டை வுகாஷின் மெல்லப் பெட்டியில் வைத்தார்.

“வீட்ல நாலு ஹீட்டர் இருக்கு மாஸ்டர். நான் வேலைக்குக் கிளம்பின உடனே அப்பா அணைச்சிடுவார். ‘எனக்கு ஒருத்தனுக்கு எதுக்குடா இவ்வளவு கரண்ட்’ம்பார். போன குளிர்ல ரெண்டு தடவை நிமோனியா. இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

நெபோய்ஷாவின் குரல் இறங்கியது. “கம்ப்யூட்டரை மட்டும் அணைக்க மாட்டாரா?”

“‘ஆபீஸ் வேலை அதுல ஓடுது, வைக்க உங்க ரூம்லதான் இடம் இருக்கு’ன்னு அப்பாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். ரயில்வே சிக்னல் கேபின்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவர். ஓடற மிஷின்ல கை வைக்க மாட்டார்.”

பெட்டியை மூடிக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பையன் வேலை நடுவுல நின்னுடக் கூடாதுன்னு, நாள் பூரா அது பக்கத்துலயே நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் காக்கறார்.”